எப்போது என்ஜின், எப்போது பேட்டரி? – ஒரு நூற்றாண்டுக் கணக்கு

மலர்க் குழுவைச் சேர்ந்த தம்பிமார் இருவர் வந்து, "சார், நீங்க டீசல் ஷெட்டுல இருந்த ஆளு. இந்த எலெக்ட்ரிக் காரைப் பத்தி நாலு பக்கம் எழுதித் தரணும்" என்றார்கள். எலெக்ட்ரிக் கார் பற்றி எழுத இப்போது ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது அதற்குள்ளே இருக்கும் ஒரு தனி வகை பற்றி. பேட்டரியும் மோட்டாரும் சக்கரத்தை ஓட்டும். கூடவே ஒரு சின்னப் பெட்ரோல் என்ஜின் இருக்கும். அந்த என்ஜின் சக்கரத்தைத் தொடாது. ஜெனரேட்டரைச் சுற்றிக் கரண்ட் உண்டாக்கிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் என்பார்கள். நம் பேச்சில் சொன்னால், கல்யாண வீட்டு ஜெனரேட்டரை டிக்கியில் வைத்துக்கொண்டு போகும் கார்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த என்ஜினை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது, பேட்டரியில் எவ்வளவு மிச்சம் வைப்பது என்று வரும்போதுதான் சங்கதியே இருக்கிறது. இந்த ஒரு கேள்விக்கு விடை தேடி நூற்றிருபது வருஷத்துக்கு மேலாக ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். நான் இயற்பியல் மாணவன். பிறகு முழுக்க முழுக்க ரயில்வே. ஆகவே என் கண் அந்தப் பக்கமாகவே பார்க்கும், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1900-ஆம் ஆண்டு. வியன்னாவில் லோனர் என்ற வண்டிக் கம்பெனியில் ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற இளைஞர் வேலை பார்த்தார். பின்னாளில் பேர் பெற்ற அதே போர்ஷேதான், அப்போது வயது இருபத்தைந்து. சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டாரை வைத்து எலெக்ட்ரிக் கார் செய்து பாரிஸ் கண்காட்சிக்கு அனுப்பினார். வண்டி ஓடியது, ஆனால் ஈயப் பேட்டரியின் கனம் தாங்க முடியவில்லை. பேட்டரியைக் குறைத்துவிட்டு, இரண்டு சிறு பெட்ரோல் என்ஜின்களும் இரண்டு ஜெனரேட்டர்களும் வைத்து அடுத்த வண்டியைக் கட்டினார். "எப்போதும் உயிரோடு" என்று பொருள்படும் லத்தீன் பெயர் வைத்தார்: செம்பர் விவுஸ். என்ஜினைக் கிளப்ப அதே ஜெனரேட்டரையே மோட்டாராகத் திருப்பி ஓட்டினார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் 1962-ல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து வந்து, பிறகு 1964 முதல் வாரணாசியில் நாமே கட்டிய டபிள்யூ.டி.எம்-2 டீசல் என்ஜினிலும் அதே வித்தைதான். பேட்டரி கரண்டை மெயின் ஜெனரேட்டருக்குக் கொடுத்து, அதை மோட்டாராக்கி டீசலைக் கிளப்புவோம். அறுபது வருஷ இடைவெளியில் இரண்டு இடத்தில் ஒரே யோசனை.

போர்ஷேயின் வண்டி விலையும் எடையும் கூடுதல், அதிகம் விற்கவில்லை. பெட்ரோல் மலிவானது. 1912-ல் காடிலாக் காரில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்ததும் கைப்பிடி போட்டுச் சுற்றும் தொல்லையும் போயிற்று. எலெக்ட்ரிக் காரை ஒழித்துக்கட்டியதே ஒரு எலெக்ட்ரிக் மோட்டார்தான் என்பது வேடிக்கை. ரோட்டில் இந்த ஏற்பாடு மறைந்தது. தண்டவாளத்தில் மட்டும் பிழைத்துக்கொண்டது.

நம் மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-ல், திருவனந்தபுரத்திலிருந்து. திருநெல்வேலிப் பாதை 1981-ல் திறந்தார்கள். அதன்பிறகு நாகர்கோவில் சந்திப்பில் டீசல் என்ஜின் வந்து நிற்பதைப் பார்த்த நம் மாணவர்கள் பலர், டீசல்தான் நேரே சக்கரத்தைச் சுற்றுகிறது என்று நினைத்தார்கள். "உள்ளே ஒரு பவர் ஹவுஸ் இருக்குடே, கீழே ஆறு மோட்டார் இருக்கு" என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். 2600 குதிரைசக்தி டீசல், அதோடு ஜெனரேட்டர், அதிலிருந்து அச்சுக்கு ஒன்றாக ஆறு மோட்டார். டிரைவர் கையில் எட்டு நாட்ச். ஒரு நாட்ச் ஏற்றினால் டீசலின் வேகம் ஒரு படி ஏறும். அந்த வேகத்தில் டீசல் தாங்கக்கூடிய சுமையை மட்டும் ஜெனரேட்டர் ஏற்றிக்கொள்ளும்படி கவர்னர் பார்த்துக்கொள்ளும். சக்கரம் மெல்லச் சுற்றினாலும் வேகமாகச் சுற்றினாலும் டீசல் தன் வசதிப்படி ஓடும். இது பெரிய லாபம். எந்த என்ஜினும் தனக்குப் பிடித்த ஒரு வேகத்திலும் சுமையிலும்தான் எண்ணெயை ஒழுங்காக எரிக்கும். நல்ல பெட்ரோல் என்ஜின் அந்த இடத்தில் எண்ணெயின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வேலையாக்கும். டவுனுக்குள் ஊர்ந்துபோகும்போது அதில் பாதி கூட வராது.

ஆனால் ரயில் என்ஜினில் ஒரு குறை இருந்தது. இறக்கத்தில் டைனமிக் பிரேக் போடும்போது அந்த ஆறு மோட்டாரும் ஜெனரேட்டராகிக் கரண்ட் கொடுக்கும். அந்தக் கரண்டை என்ன செய்தோம்? மேலே ரெசிஸ்டன்ஸ் கிரிட் வைத்து, ஃபேன் போட்டு, சூடாக்கிக் காற்றில் விட்டோம். பிடித்து வைக்கப் பாத்திரம் கிடையாது. உள்ளே இருந்த பேட்டரி கிளப்புவதற்கும் விளக்குக்கும்தான் காணும். பாத்திரம் இல்லாததால் கேள்வியும் இல்லை: கரண்ட் வேண்டும்போது டீசலை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். பெரிய பேட்டரி ஒன்றைச் சேர்த்தவுடன்தான் 'எப்போது?' என்ற கேள்வி பிறக்கிறது.

நாஞ்சில்நாட்டுக்காரனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1906-ல் பேச்சிப்பாறை அணை கட்டி முடித்தபிறகும் நாம் குளங்களைத் தூர்த்துவிடவில்லை (இப்போது தூர்ப்பது வேறு கதை). சானலில் தண்ணீர் வரும்போது குளத்தை நிரப்புவது, சானல் அடைத்தால் குளத்து மடையைத் திறப்பது. குளம் பேட்டரி, சானல் என்ஜின். சானல் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே குளத்தைக் காலி பண்ணினால் பிறகு கடைமடை வயல் காயும். மழை வரப்போகிற சமயத்தில் குளத்தை விளிம்புவரை நிரப்பி வைத்தால், வருகிற தண்ணீர் மறுகால் வழியே வீணாய்ப் போகும். எவ்வளவு நிரப்ப வேண்டும் என்பது இனி என்ன வரப்போகிறது என்பதைப் பொறுத்தது. காரிலும் இதேதான்.

நம் பக்கத்தில் எலெக்ட்ரிக் கார் முயற்சி என்றால் லவ்பேர்டைச் சொல்லாமல் விடக்கூடாது. எடி கரண்ட் கண்ட்ரோல்ஸ் என்ற நிறுவனம் ஜப்பானின் யாஸ்காவா கம்பெனியோடு சேர்ந்து, சாலக்குடியிலும் கோவையிலும் செய்த இரண்டு பேர் உட்காரும் கார். 1993-ல் டில்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டினார்கள். ஈயப் பேட்டரி, ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீட்டர் என்றார்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 65 கிலோமீட்டர். அதாவது தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை எல்லாம் தாண்டி, ஊர் எல்லைக்கு வந்து நிற்க வேண்டியதுதான். அதிகம் விற்காமலே அது போய்விட்டது. 2001-ல் பெங்களூரில் ரேவா வந்தது. அதற்கும் ஏறத்தாழ அதே கதி. இரண்டிலும் குறை மோட்டாரில் இல்லை. கடைசிப் பத்து கிலோமீட்டர் பற்றிய பயத்தில்தான் இருந்தது. அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் போர்ஷேயின் பழைய யோசனை திரும்ப வந்தது.

2010 கடைசியில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஷெவர்லே வோல்ட்டை விற்பனைக்கு விட்டது. 16 யூனிட் பேட்டரி, ஆனால் சுமார் 10 யூனிட்டைத்தான் தொடவிட்டார்கள். மேலேயும் கீழேயும் மிச்சம் விட்டால் பேட்டரி நீடித்து உழைக்கும். முதல் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போல் பேட்டரியில், பிறகு என்ஜின். அதில் 'மௌண்டன் மோடு' என்று ஒரு ஏற்பாடு: மலை ஏறப்போகிறோம் என்று டிரைவர் முன்கூட்டிச் சொன்னால், பேட்டரியில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கும். 2012-ல் ஜெனீவாவில் நம் டாடாவும் மெகாபிக்ஸல் என்ற மாதிரி வண்டியைக் காட்டியது. சக்கரத்துக்கு ஒரு மோட்டார், ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். கண்காட்சியோடு சரி, கடைக்கு வரவில்லை.

அடுத்து வந்த பி.எம்.டபிள்யூ. ஐ-3 கதையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2013-ல் வந்தது. ஸ்கூட்டருக்குச் செய்த 647 சிசி என்ஜினை ஜெனரேட்டரோடு கோர்த்து, சுமார் 25 கிலோவாட் கரண்ட் கொடுக்கும்படி பின்னால் வைத்தார்கள். ஐரோப்பாவில் விற்ற வண்டியில், பேட்டரி முக்கால் பாகத்துக்குக் கீழே இறங்கியதும் டிரைவர் விரும்பினால் என்ஜினை ஓட்டி, இருப்பை அப்படியே பிடித்து வைக்கலாம். அமெரிக்காவில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். காரணம் கலிபோர்னியா அரசின் காற்று மாசு விதி. இந்த வகை வண்டிக்குச் சலுகை வேண்டுமானால், பேட்டரி தீர்ந்த பிறகுதான் என்ஜின் ஓட வேண்டும் என்றது விதி. நோக்கம் நல்லதுதான், ஆட்கள் பெட்ரோலிலேயே ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது. ஆகவே பேட்டரி ஆறு ஏழு சதவீதத்துக்கு வந்தபிறகே என்ஜின் கிளம்பியது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை டன் வண்டியை ஆயிரம் மீட்டர் உயரம் தூக்க 4 யூனிட் சக்தி வேண்டும். அமெரிக்க ஹைவேயில் அந்த ஏற்றத்தை இருபது கிலோமீட்டரில், மணிக்கு நூறு வேகத்தில், பன்னிரண்டு நிமிஷத்தில் ஏறுவார்கள். தூக்குவதற்கு மட்டும் 20 கிலோவாட். காற்றையும் உருள்தடையையும் வெல்ல இன்னொரு பதினைந்துக்கு மேல். ஜெனரேட்டர் கொடுப்பதோ 25. பற்றாக்குறை பத்துக்கு மேல். பன்னிரண்டு நிமிஷத்துக்கு இரண்டு மூன்று யூனிட்! அதைப் பேட்டரியில் முன்பே ஒதுக்கி வைத்திருந்தால் வண்டி ஏறிப் போயிருக்கும். ஒதுக்கவில்லை. லாரிகளுக்கு நடுவே, ஏற்றத்தில் வண்டி திடீரென்று வேகம் குறைந்து ஊர்ந்தது. உயிருக்கு ஆபத்து என்று 2016-ல் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். மோட்டார், ஜெனரேட்டர், பேட்டரி எதிலும் பழுது இல்லை. எல்லாம் சொன்னபடி வேலை செய்தன. 'எப்போது?' என்ற கேள்விக்கு விடையை வண்டிக்கு வெளியே ஒரு விதியாக எழுதி வைத்ததுதான் கோளாறு.

லண்டன் டாக்ஸியில் நேர்மாறு. 2018 முதல் அங்கே புதிதாகப் பதியும் டாக்ஸி கொஞ்ச தூரமாவது புகையில்லாமல் ஓட வேண்டும் என்றார்கள். எல்.இ.வி.சி. கம்பெனியின் டிஎக்ஸ் டாக்ஸியில், பேட்டரியைச் சேமித்து வை என்று டிரைவர் சொல்ல ஒரு வழி உண்டு. வெளியூர் சவாரியில் என்ஜின், நெரிசலான நகரத்துக்குள் பேட்டரி. ஊரை அறிந்த டிரைவரிடம் முடிவை விட்டார்கள்.

டிரைவரை நம்பாமல் வண்டியே முடிவெடுக்க வேண்டுமானால்? எளிய வழி ஃபிரிட்ஜ் மாதிரி. இருப்பு இந்த அளவுக்கு இறங்கினால் என்ஜின் ஆன், அந்த அளவுக்கு ஏறினால் ஆஃப். மோசமில்லை, ஆனால் முன்னால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இரண்டாவது வழி, பேட்டரியில் உள்ள ஒவ்வொரு யூனிட்டுக்கும் பெட்ரோல் விலை போடுவது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இது பரவலானது. பத்தாயத்தில் கிடக்கும் நெல் சும்மா வந்ததல்ல. இன்று எடுத்துக் குத்தினால் நாளைக்கு அதே விலைக்கோ அதிகமாகவோ வாங்க வேண்டிவரும். அதுபோல, ஒவ்வொரு நொடியும் பேட்டரி கரண்டின் விலையையும் என்ஜின் கரண்டின் விலையையும் ஒப்பிட்டு மலிவானதை எடுக்கும். இதன் வேர் 1956-ஐ ஒட்டி மாஸ்கோவில் பாண்ட்ரியாகின் வகுத்த கணிதத்தில் இருக்கிறது. சிறுவயதில் விபத்தில் கண் இழந்தவர் அவர், ராக்கெட் காலத்துக் கணக்கு அது. ராக்கெட்டுக்குப் போட்ட கணக்கு நம் டிக்கி ஜெனரேட்டருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மூன்றாவது வழி அமெரிக்கர் பெல்மன் 1957-ல் புத்தகமாக எழுதியது. போய்ச்சேரும் இடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவது. சேரும்போது பேட்டரியில் இவ்வளவு இருந்தால் போதும். அதற்கு முந்தைய ஊரில் எவ்வளவு இருக்க வேண்டும். அதற்கும் முந்தைய ஊரில்? கடைமடைக்கு என்ன வேண்டும் என்று பார்த்து, அங்கிருந்து மேலே மேலே வந்து தலைமடையில் எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்வது மாதிரி. ஆனால் இதற்குப் பாதை முழுக்க முன்னமே தெரிந்திருக்க வேண்டும். வரைபடமும் போக்குவரத்துத் தகவலும் வண்டிக்குள்ளேயே வந்துவிட்ட பிறகுதான் இது ரோட்டில் சாத்தியமாகிறது. மிச்சம் எவ்வளவு என்றால் பெரும்பாலும் சில சதவீதம்தான். அதுவும் பேட்டரி தூரத்தைவிடப் பயணம் நீளமாக இருந்தால் மட்டும். ஐம்பது கிலோமீட்டர் பேட்டரியோடு நாற்பது கிலோமீட்டர் போகிறவனுக்கு எந்தக் கணிதமும் வேண்டாம்; என்ஜினைத் தொடாமல் போகலாம். அவனுக்கும் சேர்த்து என்ஜினை இடையில் ஓட்டினால் அது புத்திசாலித்தனம் அல்ல, வீண் செலவு.

ஜப்பானில் 2016 முதல் நிஸான், பிளக்கே இல்லாமல் சின்னப் பேட்டரியோடு இதே முறையில் கார் விற்கிறது. சீனாவில் லீ ஆட்டோ என்ற கம்பெனி 2019 கடைசியிலிருந்து நாற்பது யூனிட் பேட்டரியோடு பெரிய குடும்ப வண்டியாகக் கொண்டுவந்து நன்றாகவே விற்றது. பி.எம்.டபிள்யூ.வோ அந்த என்ஜினை எடுத்தே விட்டது. பேட்டரி மலிந்தால் என்ஜின் எதற்கு என்ற கட்சி. யார் சொல்வது சரி என்பது ஊரைப் பொறுத்தது என்பது என் அபிப்பிராயம்.

நம் ஊருக்கு வருவோம். கலிபோர்னியா ஏற்றம் நமக்குப் பிரச்சினையே இல்லை. கொடைக்கானல் மலைக்கு அதே ஒன்றரை டன் வண்டியை வத்தலக்குண்டிலிருந்து ஏற்ற ஏழு யூனிட்டுக்கு மேல் வேண்டும்தான். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் மணிக்கு முப்பதுக்கு மேல் யார் போகிறார்கள்? ஏறி முடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 25 கிலோவாட் ஜெனரேட்டர் அதில் பாதி கூடச் சிரமப்படாது. நம் கவனம் இறக்கத்தில் இருக்க வேண்டும். மேலே லாட்ஜில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, நிறைந்த பேட்டரியோடு கீழே இறங்கினால், பிரேக்கில் கிடைக்கும் நாலைந்து யூனிட்டைப் போட இடம் இருக்காது. பழைய டீசல் என்ஜினின் கிரிட் மாதிரி பிரேக் கட்டையில் சூடாய்ப் போய்விடும்.

திருவனந்தபுரம் ரோட்டில் ஏற்றமும் இறக்கமும் சிறியவை, நெரிசல் பெரிது. தக்கலை, மார்த்தாண்டம் கூட்டத்துக்குள் பேட்டரி, இடைப்பட்ட ஓட்டத்தில் என்ஜின் என்பது லண்டன் டாக்ஸிக்காரர் கணக்கேதான். நம் கார் டிரைவர்களிடம் விட்டால் ஒரு வாரத்தில் அவர்களும் பிடித்துக்கொள்வார்கள்.

எந்த வெளியூர்க் கம்பெனியும் எழுதாத கணக்கு ஒன்று நம்மிடம் இருக்கிறது: ஆரல்வாய்மொழிக் காற்று. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து கணவாய் வழியாக அடிக்கும் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலைகளே சாட்சி. காற்றுத்தடை, வண்டிக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்று நம் கல்லூரி வகுப்பில் படித்ததுதான். வண்டி எண்பதில் போகிறது, காற்று முப்பதில் அடிக்கிறது என்று வையுங்கள். தோவாளையிலிருந்து காவல்கிணறு போகும்போது காற்று முதுகில், வித்தியாசம் ஐம்பது. திரும்பும்போது நெஞ்சில், நூற்றுப்பத்து. காற்றுத்தடை மட்டும் ஏறக்குறைய ஐந்து மடங்கு! அதே ரோடு, அதே தூரம். வரைபடத்தில் மேடு பள்ளம் மட்டும் பார்க்கும் மூளைக்கு இது தெரியாது. திருநெல்வேலி போய்வந்த சுகத்தைப் பார்த்துப் பேட்டரியை அங்கேயே செலவழித்துவிட்டு, திரும்பும்போது கணவாய்க்குள் நுழைகையில் வெறுங்கையோடு நிற்கும். ஏற்றமே இல்லாத இடத்தில் ஒரு மலை.

இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பெரிய லேப் வேண்டாம். பழைய மாணவர்களில் எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் தருவார்கள். தை மாதத்தில் நாலு தரம், ஆடியில் நாலு தரம், வெள்ளமடம் முதல் காவல்கிணறு வரை ஒரே வேகத்தில் போய் வாருங்கள். போக எத்தனை யூனிட், வர எத்தனை யூனிட் என்று டாஷ்போர்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டயர் காற்று, ஆள் எண்ணிக்கை, ஏசி ஒரே மாதிரி இருக்கட்டும். காலை ஆறு மணிக்கு ஒரு முறை, மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு முறை என்று பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது, காற்று இரண்டு வேளையிலும் ஒன்றாக இருக்காது. அடுத்த மலரில் அந்த அட்டவணையை அச்சடிக்க ஒரு பக்கம் ஒதுக்கித் தருவதாக மலர்க் குழுத் தம்பிமார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.